மாடல் பெயின்டிங்கும் தின்னர் வாடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் விமானமோ, ரயில் பெட்டியோ, கட்டைவிரல் உயரப் போர்வீரனோ, எதற்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தாலும், பெயின்டை நீர்க்க வைக்கிற, தூரிகையைக் கழுவுகிற தின்னர் பாட்டிலைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்ததும் வருகிற வாடையைப் பற்றித்தான் புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் அதைவிட அதிகம் கேட்கிறார்கள். கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: வாடை எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூக்கை நம்பலாம். எவ்வளவு ஆபத்து என்று அளக்க அதை நம்பக் கூடாது.

எல்லாமே தின்னர்தானே, பாட்டிலுக்குப் பாட்டில் வாடை ஏன் இப்படி மாறுகிறது?

உள்ளே இருக்கும் திரவம் வேறு வேறு என்பதால்தான். ஹம்ப்ரோல் மாதிரியான எனாமல் பெயின்டுக்கு ஊற்றுவது மினரல் ஸ்பிரிட் வகை. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதனால் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய வாடை. டர்பன்டைன் பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்தது. அதிலுள்ள பைனீன்தான் அந்த மரவாடையைத் தருகிறது.

மிஸ்டர் கலர், டாமியா எல்பி போன்ற, வேகமாகக் காயும் லாக்கர் வகைப் பெயின்டுகளின் தின்னர் பெரும்பாலும் ஒரு கலவை. அசிட்டேட், கீட்டோன், ஆல்கஹால் என்று பல சேர்ந்திருக்கும். பியூட்டைல் அசிட்டேட் கனிந்த வாழைப்பழ வாடை அடிக்கும். எத்தில் அசிட்டேட்டும் அசிட்டோனும் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. டொலுயீன், சைலீன் கலந்திருந்தால் லேசான இனிப்போடு மூக்கில் ஏறுகிற நெடி வரும். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைக்கான தின்னர் ஆல்கஹால் சார்ந்தது, ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுத் துடைக்கிற அந்த ஸ்பிரிட் வாடை. வலெஹோ மாடல் கலர் போன்ற, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்டில் மெல்லிய அம்மோனியா வாடை வரலாம்.

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலும் புதிதாக இருக்கும்போது எப்படி வாடை அடிக்கிறது என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் வாயில் மூக்கை வைக்க வேண்டாம். ஒரு கை தூரத்தில் பிடித்து, கையால் காற்றை உங்கள் பக்கம் லேசாக விசிறினாலே போதும். பிறகு ஏதாவது மாறினால் உடனே தெரிந்துவிடும்.

வாடை குறைவான தின்னர் வாங்கினால் கவலை இல்லைதானே?

இல்லை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம்.

வாடையற்ற மினரல் ஸ்பிரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டொலுயீன், சைலீன் குடும்பத்தைச் சேர்ந்த அரோமேட்டிக் சேர்மங்களைப் பெரும்பாலும் நீக்கியிருப்பார்கள். அது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் மிச்சமுள்ள கரைப்பான் முன்புபோலவே ஆவியாகிறது, முன்புபோலவே தீப்பிடிக்கும், மூடிய அறையில் முன்புபோலவே தலையைச் சுற்ற வைக்கும். நாற்றம் போனதால் ஆவி போய்விடவில்லை. தொந்தரவு இல்லை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு மணிக்கணக்கில் உட்காருகிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

இன்னும் மோசமான உதாரணங்கள் உண்டு. பழைய பெயின்டை உரிக்கும் சில திரவங்களில் இருந்த டைக்குளோரோமீத்தேன் உடலுக்குள் போனால் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. வேலையிடக் காற்றில் அதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்த எட்டு மணி நேரச் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 25 பங்கு. பெரும்பாலோரின் மூக்குக்கு அது எட்டுவதோ அதைவிடப் பல மடங்கு அதிகமாகச் சேர்ந்த பிறகுதான். அந்தப் பொருள் கலந்த பெயின்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-ல் தடை செய்தது. பழைய டப்பா எங்காவது கிடந்தால் திறக்காதீர்கள்.

கார் மாடல்களுக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டும் என்று இரண்டு பாகம் கலக்கும் யூரிதேன் கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சை அடிக்கிறவர்கள் உண்டு. அதை இறுக வைக்கும் பாகமான ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரலாம். அதற்கு எச்சரிக்கை மணி அடிக்கிற அளவு வாடை கிடையாது. சரியான மூச்சுக்கருவியும் தனியான இடமும் இல்லாமல் வீட்டு மேசையில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மெத்தனாலும் இப்படித்தான். சாதாரண ஸ்பிரிட்டிலிருந்து வாடையை வைத்துப் பிரித்தறிவது கடினம், தோல் வழியாகவும் உள்ளே போகும், கண் நரம்பைக் கெடுக்கும். ஆல்கஹால் தின்னர் வாங்கும்போது லேபிளில் ஐசோபுரோபைல் அல்லது எத்தில் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆரம்பத்தில் நெடி தாங்கவில்லை, பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடுகிறது. காற்று சுத்தமாகிவிட்டதா?

காற்று அப்படியேதான் இருக்கிறது, மூக்குதான் களைத்துவிட்டது. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். எழுந்து வெளியே போய், சற்று நேரம் நல்ல காற்றில் நின்றுவிட்டுத் திரும்ப வந்து பாருங்கள். கதவைத் திறந்ததும் அடிக்கிற முதல் வாடைதான் அறையின் உண்மையான நிலை. வீட்டில் வேறு யாராவது உள்ளே எட்டிப் பார்த்து முகம் சுளித்தால் அவர்கள் சொல்வதை நம்புங்கள்.

தண்ணீர் அக்ரிலிக் பெயின்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். என்ன ஆயிற்று?

பாக்டீரியா. தண்ணீர் பெயின்டில் கிருமி வளராமல் இருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைத்து மாதக்கணக்கில் வைத்தாலோ, தூரிகை கழுவிய தண்ணீர் சொட்டினாலோ, அந்தப் பாதுகாப்பு வலுவிழந்து கிருமி பெருகும். சில வகைப் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும், முட்டை நாற்றம் அதுதான். புளித்த வாடை, ஈரத் துணி மக்கிய வாடை என்று வந்தாலும் காரணம் பெரும்பாலும் இதே.

நன்றாகக் குலுக்கி, இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் தூக்கிப் போட்டுவிடச் சொல்வேன். கெட்டுப்போன பெயின்டில் பிசின் முன்புபோல ஒட்டாது, கட்டி கட்டியாகத் திரியும். அதை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் கருவி) போட்டு அடித்தால் அந்தக் கிருமிகளையும் சேர்த்துத்தான் மூச்சில் இழுக்கிறோம்.

ஈரத் தட்டு, அதாவது பெயின்ட் காயாமல் இருக்க அடியில் ஈரப் பஞ்சு வைத்த கலவைத் தட்டு, வைத்திருப்பவர்கள் அதன் பஞ்சை அடிக்கடி கழுவிக் காய வைக்க வேண்டும். பாட்டிலுக்குள்ளேயே நீர்க்க வைப்பதாக இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரோ அந்தப் பெயின்டுக்கென்றே வரும் தின்னரோ ஊற்றுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் தனியே கலப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

டப்பாவில் அக்ரிலிக் என்று போட்டிருக்கிறது, ஆனால் ஸ்பிரிட் வாடை குப்பென்று அடிக்கிறதே?

அக்ரிலிக் என்பது அதிலுள்ள பிசினைத்தான் குறிக்கிறது, கரைப்பானை அல்ல. தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக்கும் உண்டு, ஆல்கஹாலில் கரைத்த அக்ரிலிக்கும் உண்டு, வீரியமான லாக்கர் கரைப்பானில் வரும் அக்ரிலிக்கும் உண்டு. அதனால் அக்ரிலிக் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

பழைய லாக்கர் தின்னர் வினிகர் மாதிரி வாடை அடிக்கிறது. இன்னும் பயன்படுத்தலாமா?

அசிட்டேட் கரைப்பானுக்குள் ஈரம் புகுந்து நெடுநாள் கிடந்தால், அது மெல்ல உடைந்து அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் ஆகும். வினிகர் வாடை அதிலிருந்துதான். மூடி சரியாக மூடாத பாட்டிலில் இது நடக்கும். இந்தத் தின்னரை நல்ல பெயின்டில் கலக்க வேண்டாம். உலோகத் தூளுள்ள பெயின்ட் நிறம் மாறலாம், பளபளப்பு மங்கலாம்.

இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. பால்சா மரத்தில் செய்யும் பறக்கும் மாடல்களின் மேல்தாளை இறுக்கப் பூசும் பியூட்டிரேட் டோப் பழசானால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும், வாந்தி நாற்றம் என்றே பலர் சொல்வார்கள். அதிலுள்ள செல்லுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட் உடைந்து பியூட்டிரிக் அமிலம் வெளியே வருவதால் அப்படி. மாடல் இருக்கும் பெட்டியைச் சில நாள் திறந்து காற்றாட வைத்தால் குறையும், அடியோடு போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டர்பன்டைன் பிசுபிசுவென்று ஆகி வாடையும் கனத்துவிட்டது. பரவாயில்லையா?

காற்றுபட்டு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. அப்படி ஏறிய டர்பன்டைன் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. கை அரித்துச் சிவக்கிறவர்களில் பலருக்குக் காரணம் புது டர்பன்டைன் அல்ல, பழையதுதான். ஆரஞ்சு வாடை வரும் லிமோனீன் பசைக்கும் இதே குணம். பழத்தோல் வாடை என்பதற்காக அதைச் சாதுவாக நினைக்க வேண்டாம். இரண்டையும் சிறிய பாட்டிலாக வாங்குங்கள், இறுக்கி மூடுங்கள், பிசுக்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் காலையிலும் அறையில் நெடி!

பாட்டில்களைச் சந்தேகப்படுமுன் குப்பைக் கூடையைப் பாருங்கள். ஏர்பிரஷ் ஊசியைத் துடைத்த டிஷ்யூ, தின்னரில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சி, கோப்பையைச் சுத்தம் செய்த துணி, எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு கைப்பிடி ஈர டிஷ்யூ போதும், இரவு முழுக்க ஆவி விட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து, ஏர்பிரஷைக் கழுவித் துப்பும் கண்ணாடி ஜாடி. அதன் மூடியில் காற்று வெளியேற வடிகட்டி இருக்கும். காற்று போகிற வழியில் ஆவியும் போகும். வேலை முடிந்ததும் அதைக் காலி செய்ய வேண்டும்.

மூன்றாவது, பெயின்ட் பாட்டிலின் கழுத்து. மரையில் காய்ந்த பெயின்ட் தடித்திருந்தால் மூடி இறுகிய மாதிரி இருக்கும், ஆனால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். கழுத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு மூடிப் பாருங்கள், மூடி இன்னும் கால் சுற்று கூடுதலாக உள்ளே போகும்.

அப்புறம், தின்னரை எதில் ஊற்றி வைத்தீர்கள்? ஒருமுறை பயன்படுத்திப் போடும் தெளிவான பிளாஸ்டிக் கப்புகள் பல பாலிஸ்டைரீன். நாம் ஒட்டிச் செய்யும் மாடல் கிட்டின் (பாகங்களாக வரும் தொகுப்பு) பாகங்களும் அதே பிளாஸ்டிக்தான். லாக்கர் தின்னர் ஊற்றிச் சற்று நேரத்தில் அடிப்பாகம் வெளுக்கும், தொட்டால் கொழகொழவென்று இருக்கும், பிறகு மேசையில் ஒரு வட்டமாக உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசிவு மரத்துக்குள் இறங்கினால் நாள்கணக்கில் வாடை வரும். தின்னருக்குக் கண்ணாடியோ உலோகமோதான் நல்லது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது இன்னொரு காரணத்துக்காகவும் கூடவே கூடாது: யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

எனாமல் அடித்து ஒரு வாரம் ஆகிறது, மாடல் இன்னும் வாடை அடிக்கிறது.

அது இயல்பு. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் ஸ்பிரிட் ஆவியாகும், சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. அதன் பிறகு ஆல்கிட் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகும். அது நாள்கணக்கில் நடக்கும். அப்போது ஹெக்சனல் போன்ற ஆல்டிஹைடுகள் சிறிதளவு வெளிவரும், சிக்கெடுத்த எண்ணெயும் பச்சைப் புல்லும் கலந்த மாதிரி வாடை. வாடை நிற்கும்வரை மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். கனமாக அடித்திருந்தால் இன்னும் நாளாகும். மூக்கை அருகே கொண்டுபோனால் வாடை வருகிறது என்றால் மேலே அடுத்த கோட் போட இன்னும் நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொதுவான தின்னர் போதாதா?

தூரிகை, ஏர்பிரஷ் கழுவப் போதும். பெயின்டில் கலக்க யோசிக்க வேண்டும். அதில் டொலுயீன், சைலீன், அசிட்டோன் என்று எது எவ்வளவு இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பிளாஸ்டிக்கின் மேல்புறத்தைக் கரைத்து நுண்ணிய கோடுகளை அழித்துவிடலாம். நெடியும் அதிகம். டொலுயீனுக்கு அமெரிக்கச் சட்ட வரம்பு பத்து லட்சத்தில் 200 பங்கு, ஆனால் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு ஒன்று பரிந்துரைப்பது வெறும் 20. இந்த இடைவெளியைப் பார்த்தாலே இதில் தாராளம் காட்டக் கூடாது என்று புரியும். எந்தத் தின்னராக இருந்தாலும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடிப் படியுங்கள், அபாயமான உட்பொருள்கள் மூன்றாம் பிரிவில் இருக்கும்.

முகக்கவசம் போட்டும் வாடை வருகிறதே?

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. என்95 பெயின்ட் துகளைப் பிடிக்கும், ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். வேண்டியது கரிம ஆவிக்கான ஆக்டிவேட்டட் கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் மாஸ்க். அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டை, ஐரோப்பிய முறையில் ஏ வகை, பழுப்புப் பட்டை. அசிட்டோன் மாதிரி 65 டிகிரிக்குள் கொதிக்கிறவற்றுக்கு ஐரோப்பிய முறையில் ஏஎக்ஸ் என்று தனி வகை உண்டு. ஏர்பிரஷ் அடித்தால் அதோடு துகள் வடிகட்டியும் சேர வேண்டும், தண்ணீர் பெயின்டாக இருந்தாலும்.

சரியான மாஸ்க் போட்டும் வாடை வந்தால் இரண்டில் ஒன்று: முகத்தில் ஒட்டவில்லை, அல்லது கார்பன் நிறைந்துவிட்டது. தாடி இருந்தால் ஒட்டாது. கார்ட்ரிட்ஜை மேசைமேல் திறந்து வைத்தால் நீங்கள் அடிக்காத நேரத்திலும் அது அறை ஆவியை உறிஞ்சித் தீர்ந்துகொண்டே இருக்கும். காற்றுப்புகாத பையில் போட்டு வைக்க வேண்டும். வாடை வரும்வரை காத்திருக்காமல், தயாரிப்பாளர் சொல்லும் கால அளவில் மாற்றுவதே முறை.

ஸ்ப்ரே பூத் (மாடலை உள்ளே வைத்துப் பெயின்ட் அடிக்கும், ஃபேன் பொருத்திய பெட்டி) வாங்கினால் போதுமா?

குழாய் வெளியே போனால்தான் போதும். உள்ளே இருக்கும் பஞ்சு வடிகட்டி பெயின்ட் துகளை மட்டும் பிடிக்கும், ஆவியை அறைக்குள்ளேயே திருப்பி விடும். இன்னொரு ஜன்னலையோ கதவையோ சற்றுத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே காற்று போகாது.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. அசிட்டோன் ஆவி இரண்டு மடங்கு, டொலுயீன் மூன்று மடங்குக்கு மேல். அதனால் தரையோடு படியும், மேசைக்கு அடியில் தேங்கும். தலைக்கு மேலே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் உங்கள் முகத்தைக் கடந்துதான் அதை இழுக்கிறது. கீழே உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு உங்களைவிட அதிகமாகப் போய்ச் சேரும்.

தீ விஷயத்திலும் வாடை உதவாது. பொறி பட்டால் அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும், டொலுயீன் 4, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 12 டிகிரியில். சாதாரண அறை வெப்பமே இவற்றுக்குத் தாராளம். எனவே பொறி தட்டும் மோட்டார் காற்றுப் பாதையில் இருக்கக் கூடாது.

வாடை போக மெழுகுவர்த்தி ஏற்றலாமா, ரூம் ஸ்ப்ரே அடிக்கலாமா?

மெழுகுவர்த்தி கூடவே கூடாது, மேலே சொன்ன வெப்ப அளவுகளைப் பாருங்கள். ரூம் ஸ்ப்ரே வாடையை மறைக்கும், அவ்வளவுதான். ஆவி அங்கேயே இருக்கும், அதன்மேல் இன்னொரு கரைப்பானும் சேரும்.

குரோம் பூச்சை எடுக்க பிளீச் போடுகிறேன். வேறு மாதிரி நெடி வருகிறது.

கிட்டில் வரும் குரோம் பாகங்களை பிளீச்சில் ஊற வைத்து உரிப்பது பலருக்கும் தெரிந்த வழி. பிளீச்சைத் தனியாக வையுங்கள். ஏர்பிரஷ் கழுவ வைத்திருக்கும் அம்மோனியா கண்ணாடி கிளீனர் அதோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகலாம். வினிகர் பட்டால் குளோரின் வாயு. கண்ணும் தொண்டையும் எரிகிற நெடி வந்தால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், நீங்கள் மட்டும் வெளியே போங்கள்.

தலை வலிக்கிறது, லேசாக மயக்கமாக இருக்கிறது. எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

முதலில் வெளிக் காற்றுக்குப் போங்கள், அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். சற்று நேரத்தில் சரியாகவில்லை, குழப்பம், வாந்தி, மூச்சு வாங்குதல், பார்வை மங்கல் என்று எது வந்தாலும் உடனே மருத்துவ உதவி தேவை. பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மினரல் ஸ்பிரிட் நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் தலைவலி வருகிறது என்றால் பிரச்சினை உங்கள் உடம்பில் இல்லை, அறையில்.

கர்ப்பமாக இருப்பவர்கள் லாக்கர் வேலையை விட்டுவிடுவது நல்லது, டொலுயீன் கருவைப் பாதிக்கலாம். கூண்டுப் பறவை இருந்தால் அந்த அறையில் அடிக்கவே கூடாது. அவற்றின் நுரையீரல் நம்முடையதைவிட மிக வேகமாக இதை உள்வாங்கும்.

அழுக்குத் தின்னரையும் துணியையும் என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கண்ணாடி ஜாடியில் மூடி, அசைக்காமல் வைத்தால் நிறமி அடியில் படியும். மேலே தெளிந்ததை மெதுவாக இன்னொரு ஜாடிக்கு ஊற்றித் தூரிகை கழுவப் பயன்படுத்தலாம், எந்தத் தின்னர் என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். அடியில் தங்கும் சேற்றை, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

ஆயில் கலரால் மாடலுக்கு அழுக்கும் துருவும் ஏற்றுகிறவர்கள் துணி விஷயத்தில் கூடுதல் கவனமாக இருங்கள். ஆயில் கலரிலுள்ள ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு வெளிவரும். கசக்கி எறிந்த துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியே காய வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். கூடையிலிருந்து சூடான எண்ணெய் வாடை வந்தால் உள்ளே கை விடாமல், கூடையோடு சேர்த்துத் தண்ணீர் ஊற்றி நனையுங்கள்.